உள்ளே தீபாவளிக்கு, வெளியே பொங்கலுக்கு

தீபாவளி நெருங்கினால் சுங்கை பட்டாணியின் பாக்கார் ஆராங்கில் சாயக் கடைகளில் கூட்டம் சேர்ந்துவிடும். சுவருக்கு ஒரு வாளி, கதவுக்கு ஒரு டின், அஞ்சடியில் இருக்கும் மரக் கிராதிக்கு ஒரு டின் என்று வாங்கி வந்து, பலகாரம் சுடத் தொடங்குவதற்குள் பூசி முடித்துவிட வேண்டும் என்ற அவசரம். சுவர் சில ஆண்டுகள் தாங்குகிறது. கதவும் தாங்குகிறது. கிராதி மட்டும் தைப்பூசம் வருவதற்குள் கொப்புளம் கட்டுகிறது. அடுத்த தீபாவளிக்குள் செதில் செதிலாக உரிந்து நிற்கிறது. கடைக்காரர் மட்டமான சாயத்தைத் தலையில் கட்டிவிட்டார் என்கிறார் ஒருவர். பூசிய தம்பி ஏனோதானோவென்று வேலை பார்த்துவிட்டான் என்கிறார் இன்னொருவர். அடுத்த முறை விலை கூடிய டின் வாங்குகிறோம். அதுவும் உரிகிறது.

சாயத்தின் தரமும் பூசுபவரின் கைத்திறனும் முக்கியம்தான். ஆனால் கெடா மாநிலத்தில் வெளிப்புற மரம் சாயத்தை உதறுவதற்கு அவற்றைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. நாம் பூசும் மாதம் தவறு. ஈரமான மரத்தின் மேல் சாயத்தைப் பூசி, தண்ணீரை உள்ளே வைத்து மூடிவிடுகிறோம். இதை மாற்றப் பெரிய செலவு எதுவும் தேவையில்லை. நாள்காட்டியைக் கொஞ்சம் மாற்றி வைத்தால் போதும்.

முதலில் நம் ஊர் மழையைப் பார்ப்போம். தீபாவளி அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவுக்குள் வரும். கெடாவில் செப்டம்பரிலிருந்து நவம்பர் வரைதான் ஆண்டின் கனமழைக் காலம். காலையில் வெயில் அடிக்கும். பிற்பகலில் குனோங் ஜெராய் பக்கம் இருண்டுகொண்டு வரும். மாலைக்குள் கொட்டித் தீர்த்துவிடும். இரவு முழுக்கக் காற்றில் ஈரம் நிற்கும். இப்படி நான்கு வாரம் நனைந்த கிராதியை ஒரு காலை வெயில் காய வைத்துவிடாது. கையால் தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும். அது மேற்பரப்பு மட்டும். உள்ளே ஈரம் அப்படியே இருக்கும்.

இதற்கு நேர் எதிரானது ஜனவரியும் பிப்ரவரியும். தீபகற்பத்தின் வடமேற்கு மூலையில் இருக்கும் கெடாவுக்கும் பெர்லிசுக்கும் தெளிவான வறண்ட பருவம் உண்டு. கிழக்குக் கரை வெள்ளத்தில் தவித்து மீளும் நேரத்தில் இங்கே வயல் வெடித்துக் கிடக்கும். அந்த வறட்சியில் இரண்டாம் போகம் நெல் விளைவிக்க முடியாததால்தான் பெடு, மூடா அணைகள் கட்டப்பட்டன. 1970-இல் அந்தப் பாசனத் திட்டம் நீர் கொடுக்கத் தொடங்கியது. ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அணையின் கதை தேவையில்லை. பால்மரங்கள் இலையைக் கொட்டி மொட்டையாக நிற்பதும், காலடியில் சருகு நொறுங்குவதும், பால் குறைந்து கைக்கு வரும் காசும் குறைவதும் அவர்கள் உடம்பில் பதிந்த பருவக் குறிப்பு. மரம் இலை உதிர்க்கும் அந்த வாரங்கள்தான் கெடாவில் வெளிப்புற மரத்துக்குச் சாயம் பூச ஏற்ற வாரங்கள்.

அந்தப் பருவத்தின் வாசலில் பொங்கல் நிற்கிறது. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, சுவர் உலர்ந்த பிறகு வீட்டுக்கு வெள்ளையடிப்பது பொங்கலுக்குத்தான். கடல் கடந்து வந்த பிறகு நம் வீட்டு அலங்காரத்தின் கனம் தீபாவளிப் பக்கம் சாய்ந்துவிட்டது. விடுமுறை, விருந்தினர் வருகை, திறந்த இல்ல உபசரிப்பு எல்லாம் அப்போது இருப்பதால் அதில் வியப்பில்லை. ஆனால் மரமும் சாயமும் பார்க்கும் கணக்கில் பழைய வழக்கமே இங்கேயும் சரியாக இருக்கிறது. கெடாவின் வானமும் தமிழ்நாட்டின் வானமும் தை மாதத்தில் ஒத்துப்போகின்றன.

ஈரம் ஏன் இவ்வளவு கெடுதல் செய்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். மரம் என்பது நீளவாக்கில் அடுக்கிக் கட்டிய உறிஞ்சுகுழல் கட்டு போன்றது. உயிரோடு நின்றபோது வேரிலிருந்து இலைக்கு நீர் ஏறியது அந்தக் குழல்கள் வழியாகத்தான். பலகையாக அறுத்த பிறகும் குழல்கள் இருக்கின்றன. பலகையின் பக்கவாட்டில் விழும் மழை மெதுவாகத்தான் உள்ளே போகும். பலகையை ரம்பம் குறுக்கே அறுத்த வெட்டுமுகத்தில் விழும் மழையோ, திறந்த குழல்களின் வழியே பல மடங்கு வேகத்தில் உள்ளே இழுக்கப்படும்.

கிராதி ஒன்றின் அடிச்சட்டத்தருகே குனிந்து பாருங்கள். நிற்கும் கட்டைகள் ஒவ்வொன்றும் அடிச்சட்டத்தில் வந்து உட்காரும் இடம் ஒரு வெட்டுமுகம். மேல்சட்டத்தில் விழுந்த மழை கட்டையைப் பிடித்துக்கொண்டு இறங்கி, சரியாக அந்த மூட்டில் தேங்குகிறது. அங்கே ஒரு மயிரிழை விரிசல் இருந்தாலும் போதும். தண்ணீர் அதற்குள் போய், கட்டையின் அடியிலிருந்து மேலே ஏறுகிறது. மழை விட்டதும் வெயில் அடிக்கிறது. உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி வெளியே வரப் பார்க்கிறது. பளபளவென்று மூடியிருக்கும் சாயம் வழி விடுவதில்லை. ஆவி உள்ளிருந்து தள்ளுகிறது, சாயம் கொப்புளிக்கிறது, கொப்புளம் உடைகிறது, உடைந்த இடத்தில் அடுத்த மழை நுழைகிறது. பெரும்பாலான கிராதிகள் கீழிருந்து உரியத் தொடங்குவதன் காரணம் இதுதான்.

வெயிலின் வேலை வேறு விதமானது. மரத்தின் நார்களை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருக்கும் பொருளுக்கு லிக்னின் என்று பெயர். சூரியனின் புற ஊதாக் கதிர் அதைச் சிதைக்கிறது. பூசாமல் விட்ட பலகை சில மாதங்களில் சாம்பல் நிறமாவது அதனால்தான்: பிணைப்பு போய்விட்டது, மேலே இருப்பது தளர்ந்த நார். அந்த நாரின் மேல் எந்தச் சாயத்தைப் பூசினாலும் சாயம் நாரைப் பிடித்துக்கொள்ளும். நாருக்கு மரத்தோடு பிடிப்பு இருக்காது. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன் நகரில் 1910 முதல் இயங்கிவரும் வனப்பொருள் ஆய்வகம் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறது. பூசாத மரம் சில வாரங்கள் வெயிலிலும் மழையிலும் கிடந்தாலே சாயத்தின் பிடிப்பு கணிசமாகக் குறைந்துவிடுகிறது என்பது அதன் முடிவு. நம் ஊர் வெயில் மேடிசன் வெயிலைவிடக் கடுமையானது. ஆக, மரம் காயட்டும் என்று மாதக்கணக்கில் வெறுமனே விட்டு வைப்பதும் தவறு. காய வேண்டும், காய்ந்த உடனே பூசவும் வேண்டும்.

உங்கள் கிராதியில் நடந்தது ஈரமா, வெயிலா, பழைய சாயமா என்று அறிய ஒரு வழி இருக்கிறது. உரிந்து நிற்கும் செதில் ஒன்றை நகத்தால் எடுத்து, அதன் முதுகைத் திருப்பிப் பாருங்கள். முதுகில் சாம்பல் நிற நார் ஒட்டியிருந்தால், வெயிலில் தளர்ந்த மரத்தைத் தேய்க்காமல் பூசியிருக்கிறார்கள். முதுகு சுத்தமாக இருந்து, கீழே வெறும் மரம் தெரிந்தால், பூசும்போது மரம் ஈரமாக இருந்திருக்கலாம், அல்லது மூட்டு வழியாகப் பிறகு ஈரம் ஏறியிருக்கலாம். கீழே வேறு நிறத்தில் பழைய சாயம் அப்படியே பளபளவென்று இருந்தால், புதுச் சாயம் வழுக்கலின் மேல் பூசப்பட்டிருக்கிறது. செதில் தடித்து, ஐந்தாறு நிறம் அடுக்காகத் தெரிந்தால், அது பல தீபாவளிகளின் கனம். அத்தனையையும் சுரண்டி எடுக்காமல் ஏழாவது நிறத்தைப் பூசுவது வீண். இந்த ஒரு செதிலைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போனால், எதை வாங்குவது என்பதும் எதை வாங்கத் தேவையில்லை என்பதும் விளங்கிவிடும்.

மரத்தின் வகையும் கணக்கில் வரும். பழைய தோட்டத்துப் பங்களாக்களிலும் கம்பத்து வீடுகளிலும் செங்கால் மரம் இருக்கக்கூடும். மலாயாத் தீபகற்பத்துக்கே உரிய கன மரம் அது. கரையானுக்கும் பூஞ்சைக்கும் எளிதில் இடம் கொடுக்காது. அப்படிப்பட்ட மரத்துக்குச் சாயம் என்பது அழகும் வெயில் மறைப்பும் மட்டுமே. மெராந்தி இலகுவான மரம், விலையும் குறைவு; அதற்குச் சாயம் உயிர்காப்பு. மெர்பாவ் உறுதியானது, ஆனால் மழை பட்டால் பழுப்பு நிறம் கசியும். அதன் மேல் வெள்ளைச் சாயம் பூசுவதாக இருந்தால் கறை தடுக்கும் முதற்பூச்சு கட்டாயம் வேண்டும். பால்மரப் பலகையைப் பற்றி ஒரு சொல். நாம் வியர்வை சிந்தி வளர்த்த மரம், இன்று நாற்காலியாகவும் மேசையாகவும் உலகெங்கும் போகிறது. ஆனால் அது வீட்டுக்குள் இருக்க வேண்டிய மரம். பூஞ்சையும் வண்டும் அதை எளிதில் பிடிக்கும். வெளிக் கிராதிக்கு அதைப் பயன்படுத்தினால் எந்தச் சாயமும் காப்பாற்றாது.

மரம் நீடிப்பதில் சாயத்தைவிடப் பழைய காவல்கள் இரண்டு உண்டு: மேலே கூரை, கீழே கல். சுங்கை பட்டாணியிலிருந்து மெர்போக் வழியாகப் போனால் ஜெராய் மலையடியில் பூஜாங் பள்ளத்தாக்கின் பழங்கோயிலான சண்டி புக்கிட் பத்து பகாட் இருக்கிறது. தொல்லியல் ஆய்வாளர் குவாரிட்ச் வேல்ஸ் 1936, 1937-இல் அகழ்ந்து பார்த்த இடம். 1960 வாக்கில் சீரமைக்கப்பட்டது. முதலாம் இராஜேந்திர சோழனின் 1025-ஆம் ஆண்டுப் படையெடுப்பில் பேசப்படும் கடாரத்தோடு சேர்த்து நாம் பெருமையுடன் நினைக்கும் நிலம் அது. அங்கே மண்டபத்தின் தரையில் வட்ட வட்டமான கல் பீடங்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் மேல் மரத் தூண்கள் நின்று கூரையைத் தாங்கின என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கூரை போன பிறகு மரத்தில் எதுவும் மிஞ்சவில்லை. கல் மட்டும் இருக்கிறது. ஆனால் தூணின் வெட்டுமுகத்தை மண்ணில் ஊன்றாமல் கல்லின் மேல் ஏற்றி வைக்கும் அறிவு அன்றே இருந்தது. மலாய்க் கம்பத்து வீடுகளின் கால்களும் இன்றுவரை கல்லின் மேல்தான் நிற்கின்றன.

கூரை காத்த மரத்துக்குக் கன்னியாகுமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனை சான்று. அங்கேயும் மழை கடுமைதான். சரிந்து வெளியே நீண்ட ஓட்டுக் கூரை மழையைச் சுவரிலும் மரத்திலும் படாமல் தள்ளி விழச் செய்வதால், மரச் சாளரங்களும் தூண்களும் நூற்றாண்டுகள் கடந்து நிற்கின்றன. உலகின் மறுகோடியில் நார்வேயிலும் இதே பாடம். மரத்தை நேராக மண்ணில் நட்டுக் கட்டிய ஆதித் தேவாலயங்கள் அழுகிப் போயின. கல் வரிசையின் மேல் மரச்சட்டம் வைத்து, தார் பூசிக் காத்துவந்த போர்குண்ட் தேவாலயம் பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து நின்றுகொண்டிருக்கிறது.

நம் வீட்டுக் கிராதிக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை எளிமையானவை. தூண் சிமெண்டுத் தரையில் நேராக உட்கார்ந்திருந்தால், இரும்புக் காலணி ஒன்றைப் போட்டு ஒரு விரலாவது தூக்கிவிடச் சொல்லுங்கள். மேல்சட்டம் தட்டையாக இருந்தால் தச்சரிடம் சொல்லி வெளிப்பக்கமாகச் சற்றுச் சரிவு இழைத்துவிடுங்கள், தண்ணீர் நிற்காது. கூரையின் தகரம் உள்ளடங்கி இருந்தால், கிராதியை ஆண்டுதோறும் பூசும் காசைச் சேர்த்து ஒருமுறை கூரையை நீட்டுவது மலிவு. ஈரப் பூந்தொட்டிகளை மேல்சட்டத்தில் வைக்காதீர்கள்.

இனி சாயம். தோட்டக் காலத்திலிருந்து நமக்குப் பழக்கமானது எண்ணெய் எனாமல். பளபளப்பு அதிகம், கையால் துடைக்கலாம். ஆனால் அது காற்றோடு வினைபுரிந்து காய்வது. அந்த வினை பூசிய வாரத்தோடு நின்றுவிடாது. ஆண்டுகள் போகப்போக இறுகி, வளைய மறுத்து, மரம் ஈரத்தில் உப்பி வெயிலில் சுருங்கும்போது வெடித்துவிடும். வெளிப்புறத்துக்கென்று தயாரித்த தண்ணீர் கலக்கும் அக்ரிலிக் சாயம் மரத்தோடு சேர்ந்து ஓரளவு நெளியும். உள்ளிருந்து வரும் ஆவிக்கும் கொஞ்சம் வழி விடும். மரத்தின் ரேகை தெரிய வேண்டும் என்பவர்களுக்கு, மரத்துக்குள் ஊறும் நிறமேற்றிய மர எண்ணெய் இருக்கிறது. படலமாக மேலே நிற்காததால் அது உரியாது, மங்கும். ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை கழுவிவிட்டு மேலே ஒரு கை பூசினால் போதும். சுரண்டும் வேலை இல்லை. வயதான தாய் தந்தை மட்டும் இருக்கும் வீடுகளுக்கு இதுவே பொருத்தம் என்பது என் எண்ணம். நிறமில்லாத பளபள வார்னிஷை மட்டும் வெளியே பூசாதீர்கள். வெயில் அதை ஊடுருவி அடியில் இருக்கும் மரத்தைக் கெடுத்துவிடும்.

வேலையின் வரிசை இதுதான். முதலில் ஸ்க்ரூடிரைவரால் ஒவ்வொரு மூட்டையும் குத்திப் பாருங்கள். முனை மெத்தென்று இறங்கினால் அங்கே மரம் உளுத்துவிட்டது. அந்தக் கட்டையை மாற்ற வேண்டும். சாயம் பழுதுபார்ப்பு ஆகாது. உளுத்த கிராதியைப் பளபளவென்று பூசி வைப்பது ஆபத்து, ஏனென்றால் பிள்ளைகள் அதில் ஏறுவார்கள், பாட்டி அதைப் பிடித்துக்கொண்டுதான் படி இறங்குவார்.

பிறகு சவர்க்காரத் தண்ணீரால் கழுவுங்கள். கரும்புள்ளியாகப் பூஞ்சை இருந்தால் ஒரு பங்கு ப்ளீச்சுக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து தடவி, சிறிது நேரம் விட்டு, நன்றாக அலசிவிடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், ப்ளீச்சோடு வேறு எந்தக் கழுவு திரவத்தையும் கலக்காதீர்கள். பூஞ்சையின் மேல் பூசினால் அது புதுச் சாயத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும்.

கழுவிய பின் மழையில்லாத நாட்கள் மூன்று நான்காவது காய விடுங்கள். தச்சர்களிடம் ஈரமானி இருந்தால் 15 விழுக்காட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். நம் காற்றின் ஈரத்தில் அதற்குக் கீழே இறங்குவது கடினம். கருவி இல்லையென்றால், பிளாஸ்டிக் தாள் ஒன்றை மரத்தின் மேல் நான்கு பக்கமும் ஒட்டி, ஓர் இரவு விட்டுப் பாருங்கள். காலையில் தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் காயவில்லை.

காய்ந்ததும் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேயுங்கள். சாம்பல் நார் போய்ப் புது மரம் தெரிய வேண்டும். பழைய தோட்டத்து வீடுகளில் இங்கே கவனம் தேவை. அந்தக் காலத்து எனாமலில் ஈயம் இருந்திருக்கலாம். அமெரிக்கா வீட்டுச் சாயத்தில் ஈயத்தை 1978-இல் தடை செய்தது. இந்தியாவில் 90 பிபிஎம் என்ற வரம்பு 2017-இல்தான் நடைமுறைக்கு வந்தது. பிள்ளைகளின் மூளை வளர்ச்சிக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. அதனால் பழைய சாயத்தை உலர்வாகத் தேய்க்காமல் நனைத்துத் தேயுங்கள். நனைந்த மரம் மறுபடி காய ஓரிரு நாள் கொடுங்கள். முகக்கவசம் போடுங்கள், கீழே தாள் விரியுங்கள், பிள்ளைகளை அப்பால் அனுப்புங்கள், தூளைக் கூட்டாமல் ஈரத் துணியால் துடைத்தெடுங்கள்.

தேய்த்து முடித்த மரம் காய்ந்திருந்தால் அந்த வாரத்துக்குள் முதற்பூச்சு போட்டுவிடுங்கள். வெட்டுமுகங்களுக்கும் மூட்டுகளுக்கும் இரண்டு மூன்று முறை, அவை உறிஞ்சுவதை நிறுத்தும் வரை கொடுங்கள். சட்டங்களின் அடிப்பக்கத்தையும் பூசுங்கள். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பக்கத்தை விட்டுவிடுவதுதான் வழக்கம், ஈரமும் அந்தப் பக்கமாகத்தான் நுழைகிறது. அதன் மேல் மெல்லிய பூச்சு இரண்டு. மூன்றும் சேர்ந்து காய்ந்த பிறகு சுமார் 0.1 மில்லிமீட்டர் இருந்தால் போதும். ஒரே பூச்சாக அப்பினால் மேலே காய்ந்து உள்ளே பிசுபிசுக்கும். பனி காய்ந்த பிறகு தொடங்கி, நிழல் விழும் பக்கமாகவே நகர்ந்து பூசுங்கள். சுடும் மரத்தில் சாயம் பிடிக்கும் முன்பே காய்ந்துவிடும்.

ஒரு நியாயமான மறுப்பு வரும். தீபாவளியன்று உறவினர் வரும்போது வாசல் பொலிவாக இருக்க வேண்டாமா? கட்டாயம் இருக்க வேண்டும். வீட்டுக்குள் சுவர்களைத் தாராளமாகத் தீபாவளிக்குப் பூசுங்கள். மழை அவற்றைத் தொடாது. கிராதியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்து, தோரணம் கட்டுங்கள். கழுவிய மரத்தின் பொலிவே போதுமான அலங்காரம். இன்னொரு மறுப்பு, வேலைக்கு ஆள் கிடைப்பது பற்றியது. தை மாதத்தில் சீனர் வீடுகள் சீனப் புத்தாண்டுக்காகப் பூசப்படும். நல்ல பூச்சாளர்கள் அப்போது ஓய்வில்லாமல் இருப்பார்கள். ஆகவே தீபாவளிக்கு உள்சுவர் பூச வரும் தம்பியிடமே கிராதி வேலைக்கும் நாள் பேசி வைத்துவிடுங்கள். சீனப் புத்தாண்டு முடிந்த மறுவாரம் கிடைத்தாலும் பிப்ரவரியின் வறட்சி பெரும்பாலும் மிச்சமிருக்கும். மார்ச் இறுதியைத் தாண்டாதீர்கள்; சித்திரைப் புத்தாண்டோடு மழை திரும்பிவிடும்.

கூலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கழுவுவது, காய வைப்பது, சுரண்டுவது, தேய்ப்பது ஆகியவைதான் இந்த வேலையின் பெரும்பகுதி; தூரிகை கடைசியில்தான் வருகிறது. ஒரே நாளில் முடித்துத் தா என்று கேட்டு, பூச்சுக்கு மட்டும் கூலி பேசினால், பூச்சாளர் எதை விட்டுவிடுவார் என்பது தெளிவு. ஆயத்த வேலைக்குத் தனியாக நாளும் கூலியும் பேசுங்கள். எத்தனை பூச்சு, அடிப்பக்கம் உண்டா, மூட்டுகளுக்கு எத்தனை கை என்று முன்கூட்டியே கேளுங்கள். வீட்டுக்கு மட்டுமல்ல, கோயில் மண்டபத்துக்கும் தமிழ்ப்பள்ளியின் பழைய மரக் கட்டடத்துக்கும் இதே கணக்குதான். கூட்டுப்பணி நாளை நவம்பர் ஞாயிறிலிருந்து பிப்ரவரி ஞாயிறுக்கு மாற்றி வைத்தால், அன்பளிப்பாக வந்த சாயமும் இளைஞர்கள் கொடுத்த உழைப்பும் அடுத்த மழையில் கரைந்து போகாது. நிர்வாகக் குழுக்கள் இதை வரும் கூட்டத்திலேயே பேசி முடிவெடுக்கலாம்.